மாணவர் மனசு பெட்டி: எதை வாங்குவது, எங்கே மாட்டுவது, யார் திறப்பது

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்குப் போனால் 'மாணவர் மனசு' என்று எழுதிய பெட்டி ஒன்று சுவரில் இருக்கும். 2021-இல் பள்ளிகளில் நடந்த பாலியல் தொல்லைகள் அடுத்தடுத்து வெளியே வந்த பிறகு பள்ளிக்கல்வித் துறை செய்த ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று. தனியார் பள்ளிகள் இதையே புகார்ப் பெட்டி, ஆலோசனைப் பெட்டி என்று வாங்கி மாட்டுகின்றன. பள்ளிப் பாதுகாப்புக்கென்று கடையில் கிடைக்கும் பொருட்களில் விலை குறைந்தவற்றில் இதுவும் ஒன்று. ஒழுங்காக நடத்தினால் அடிதடிக்கு முன்பே துப்புக் கொடுக்கவும் கூடும். ஏனோதானோ என்று மாட்டினால், எழுதிப் போட்ட பிள்ளைக்கே ஆபத்தாக முடியும். அதனால் இரும்பு, பூட்டு, சாவி, சீட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், பெட்டியால் பயன் உண்டா என்ற கேள்வி. உண்டு. அமெரிக்காவில் 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் நடந்த 37 திட்டமிட்ட தாக்குதல்களை அந்நாட்டு ரகசிய சேவைப் பிரிவும் கல்வித் துறையும் சேர்ந்து ஆராய்ந்து 2002-இல் அறிக்கை வெளியிட்டன. அவற்றில் 81 சதவீதத் தாக்குதல்களில், தாக்கியவன் மனதில் என்ன இருக்கிறது என்பது குறைந்தது ஒருவருக்காவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நண்பர்கள், உடன் படிப்பவர்கள், கூடப் பிறந்தவர்கள். நம் ஊரில் ஆயுதமும் காரணமும் வேறு. ஆனால் யார் யார்மேல் கறுவிக்கொண்டு திரிகிறான், யார் பையில் என்ன இருக்கிறது என்பது ஆசிரியரைவிட வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் தெரியும் என்பதில் மாற்றமில்லை. அவர்கள் வாய் திறக்காததற்கு ஒரு முக்கியக் காரணம்: யார் சொன்னது என்று தெரிந்துவிடுமோ என்ற பயம்.

அந்தப் பயம் வீண் பயமல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களின் சாதிக் கொடுமை தாங்காமல் பள்ளிக்கே போகாமல் இருந்த பிளஸ் டூ மாணவர், கடைசியில் பள்ளியில் விஷயத்தைச் சொன்னார். அன்றிரவே வீடு புகுந்து அவரையும் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். பள்ளிகளில் சாதி வன்முறையைத் தடுக்க நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டதே இதன் தொடர்ச்சியாகத்தான். எந்தப் பெட்டியை மதிப்பிடும்போதும் இந்தச் சம்பவத்தை முன்னால் வைத்துத்தான் பார்க்க வேண்டும். போட்டவர் யார் என்பது கடைசிவரை வெளியே தெரியாமல் இருக்குமா? தெரிந்துவிட்டால் அன்றைக்கே பாதுகாப்புக் கிடைக்குமா?

இப்போது பொருளுக்கு வருவோம். கடைகளில் மூன்று வகை கிடைக்கிறது. கண்ணாடி போன்ற அக்ரிலிக் பெட்டி வரவேற்பறைக்கு அழகு, பள்ளிக்கு ஆகாது. உள்ளே எத்தனை சீட்டு, என்ன நிறத் தாள், எந்த மை என்பதெல்லாம் வெளியிலிருந்தே தெரியும். இடைவேளைக்கு முன்பு காலியாக இருந்த பெட்டியில் இடைவேளைக்குப் பிறகு ஒரு சீட்டு கிடந்தால், நடுவில் அந்தப் பக்கம் போனவர் யார் என்று கணக்குப் போடப் பிள்ளைகளுக்கு அரை நிமிடம் போதும். மரப்பெட்டி ஐப்பசி மழையில் உப்பி, வாய் இறுகிவிடும், கரையானும் சேரும். இரும்புப் பெட்டிதான் சரி. 20 கேஜ் தகடு, பவுடர் கோட்டிங், 12 அங்குல உயரம், 9 அங்குல அகலம், 6 அங்குல ஆழம் இருந்தால் நடுத்தரப் பள்ளிக்குப் போதும். வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்வது இன்னும் நல்லது, ஏனென்றால் அடுத்து வரும் இரண்டு விஷயங்களில் ஆயத்தப் பெட்டிகள் பெரும்பாலும் கோட்டை விடுகின்றன.

ஒன்று, வாய். மேல்தட்டில் வாய் வைத்தால் மழைத் தண்ணீர் இறங்கும், ஐஸ் குச்சியும் மிட்டாய்த் தாளும் விழும். வாய் முன்பக்கத்தின் மேல்பகுதியில், 5 அங்குல நீளம், அரை அங்குலத்துக்கு மிகாத அகலம், மேலே ஒரு சிறு குடைத்தகடு என்று இருக்க வேண்டும். வாய்க்கு உள்ளே கீழ்நோக்கிச் சரியும் தகடு ஒன்று அவசியம். அது இல்லாவிட்டால் நுனி வளைத்த கம்பியோ, பபிள்கம் ஒட்டிய ஸ்கேலோ போதும், சீட்டை வெளியே இழுத்துவிடலாம். வாங்கும்போதே சோதித்துவிடுங்கள்: நான்கு சீட்டை மடித்துப் போட்டு, பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். ஒன்று வெளியே வந்தாலும் வேண்டாம்.

இரண்டாவது, பூட்டு. விலை குறைந்த பெட்டிகளோடு வரும் சின்ன உள்பூட்டை நம்பக் கூடாது. ஒரே மாதிரிப் பெட்டிகளுக்கு ஒரே சாவி பொருந்துவது சகஜம். கடையிலேயே ஒரு பெட்டியின் சாவியை இன்னொன்றில் போட்டுப் பாருங்கள். பட்டறையில் செய்தால் இரண்டு நாதாங்கி வைக்கச் சொல்லி, தனித்தனிச் சாவியுள்ள இரண்டு நல்ல திண்டுக்கல் பூட்டுகளைப் போடுங்கள். ஒரு சாவி ஒருவரிடம், மற்றது இன்னொருவரிடம். பெட்டியை ஆணியில் தொங்கவிடாமல், உள்பக்கமிருந்து நான்கு போல்ட் அடித்துச் சுவரோடு இறுக்க வேண்டும். தொங்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டே போய்விடலாம்.

எங்கே மாட்டுவது? தலைமை ஆசிரியர் அறை வாசலில் வேண்டாம், ஆசிரியர் ஓய்வறைக்கு எதிரில் வேண்டாம், கேமராவின் பார்வை படும் இடத்திலும் வேண்டாம். மூலையில் தனியாகவும் கூடாது. அங்கே போகிறவர் எதற்குப் போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீர்த் தொட்டிக்கோ கழிப்பறைக்கோ போகும் வழியில், எல்லாப் பிள்ளைகளும் நின்று கடக்கும் இடமே சரி. மாணவிகள் கழிப்பறைப் பக்கம் தனியாக இன்னொரு பெட்டி வைத்தால் நல்லது. தொடக்கப் பள்ளியில் வாய் தரையிலிருந்து 3 அடியிலும், உயர்நிலைப் பள்ளியில் 4 அடிக்குள்ளும் இருக்கட்டும். பெரியவர் கை எட்டும் உயரத்தில் மாட்டிய பெட்டியில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை எப்படிப் போடும்?

இத்தனையும் செய்தாலும், பெட்டி அருகே கை நீட்டும் பிள்ளையை யாராவது பார்த்துவிடக்கூடும். அதற்கு ஒரு எளிய வழி உண்டு. வாரம் ஒரு நாள், குறித்த பாடவேளையின் கடைசி 10 நிமிடம், வகுப்பில் எல்லோருக்கும் ஒரே அளவுச் சீட்டு கொடுத்து எல்லோரையும் எழுதச் சொல்ல வேண்டும். சொல்ல எதுவும் இல்லாதவர்கள் தெரிந்த குறள் ஒன்றை எழுதட்டும். வெறும் சீட்டை மடிக்கச் சொன்னால், யார் பேனா ஓடுகிறது என்று பக்கத்து பெஞ்ச் பார்த்துவிடும்; எல்லோர் பேனாவும் ஓடும்போது அது தெரியாது. பிறகு எல்லோரும் வரிசையாகப் போய்ப் போடுவார்கள். ஏ4 தாளை நான்காக வெட்டினால் 400 பிள்ளைகளுக்கு வாரம் 100 தாள். 500 தாள் கட்டு ஐந்து வாரத்துக்கு வரும். செலவென்று சொல்ல இவ்வளவுதான். சீட்டில் வரிசை எண் அச்சிடாதீர்கள், எந்த எண் யாருக்குப் போனது என்று கண்டுபிடித்துவிடலாம். நான்கு கேள்வி போதும்: என்ன நடந்தது? எங்கே, எந்த நேரத்தில்? மறுபடி நடக்கும் என்று நினைக்கிறாயா? யாரிடம் பேச விரும்புகிறாய்? பெயர் எழுதுவது அவரவர் விருப்பம். எழுதத் தெரியாத வயதுப் பிள்ளைகள் படம் வரையலாம், அதையும் அலட்சியம் செய்யக் கூடாது.

திறப்பதில்தான் பல பள்ளிகள் சறுக்குகின்றன. பள்ளியின் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவுக்குத் தலைமை ஆசிரியரே தலைவராக இருப்பார். அதனாலேயே சாவியும் அவர் மேசை இழுப்பறைக்குப் போய்விடுகிறது. புகார் ஓர் ஆசிரியர் மீதென்றால்? அவர் மீதே என்றால்? ஒரு சாவி பிள்ளைகள் நம்பும் ஆசிரியை ஒருவரிடமும், மற்றது கற்பித்தல் பணியில் இல்லாத ஒருவரிடமும், உதாரணமாகச் சத்துணவு அமைப்பாளரிடம், இருக்கலாம். தினமும் மதிய உணவு இடைவேளை முடிந்ததும் இருவரும் சேர்ந்து திறக்க வேண்டும். 10 நிமிட வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் திறந்தால் திங்கட்கிழமை போட்ட சீட்டு நான்கு நாள் பழையதாகியிருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் ஒருவர் 15 நாளைக்கு ஒருமுறை வந்து, பதிவேட்டையும் சீட்டுகளையும் ஒத்துப் பார்க்கட்டும்.

திறந்தவுடன் சீட்டின் பின்பக்கம் பென்சிலால் எண்ணும் தேதியும் இட்டு, உறையில் போட்டுப் பூட்டிவிடுங்கள். பதிவேட்டில் எண், தேதி, வகை, எடுத்த நடவடிக்கை மட்டும் போதும், பெயர் கூடாது. செல்போனில் படம் எடுக்கவே கூடாது. ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் போய்விட்டால் அன்று மாலையே தெருவுக்கு வந்துவிடும். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும், போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் குற்றமாக்குகின்றன.

பிரிப்பதற்கும் ஒரு முறை வேண்டும். பாலியல் தொல்லை பற்றிய சீட்டு வந்தால் பள்ளி தானாக விசாரித்து 'உண்மையா' என்று முடிவு கட்டக் கூடாது. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்ததாகத் தெரிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் 21-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. 'பொய்ப் புகாராக இருந்தால்?' என்று தயங்குபவர்கள் 22-ஆம் பிரிவையும் படிக்கட்டும்: குழந்தை கொடுத்த புகார் பொய்யென்றே ஆனாலும் குழந்தைக்குத் தண்டனை கிடையாது.

அடுத்து ஆயுதம், மிரட்டல், சாதிப் பெயர் சொல்லி அவமதித்தல். ஒரு சீட்டு இப்படித்தான் இருக்கும்: எட்டாக மடித்து, வியர்வையில் நைந்து, பென்சிலில், "பின்னாடி பெஞ்சு. பேக்ல கத்தி வச்சிருக்கான். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க சார்." இதற்கு அந்த ஒரு பையை மட்டும் போய்த் திறப்பது தவறு. யாரோ சொல்லிவிட்டார்கள் என்று அந்தக் கணமே தெரிந்துபோகும். அந்த வகுப்பையும் பக்கத்து வகுப்பையும் பைகளை அப்படியே விட்டு வெளியே வரச் சொல்லி, எல்லாப் பைகளையும் பாருங்கள். கத்தி வைத்திருப்பதாகச் சீட்டு சொல்லும் பையன் அந்த நேரம் ஆசிரியர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

மற்றபடி, 'இவன் தினமும் அடிக்கிறான்' வகைச் சீட்டுகளுக்கு எங்கே, எந்த நேரம் என்ற பதில்தான் கைகொடுக்கும். சைக்கிள் நிறுத்தும் இடம், மாலை 4.20 என்று இருந்தால், மறுநாளிலிருந்து அந்த இடத்தில் அந்த நேரம் ஆசிரியர் ஒருவர் நிற்கட்டும். நேரில் கண்டு பிடித்ததாக ஆகும், புகார் கொடுத்தவர் பேச்சே வராது. இருவரையும் எதிரெதிரே நிறுத்தி 'கை கொடுத்துச் சமாதானமாகப் போங்கள்' என்பது பலவீனமான பிள்ளையைக் காட்டிக்கொடுக்கும் வேலை. பெயர் எப்படியும் தெரிந்துபோகும் விஷயமென்றால், அன்று மாலை அந்தப் பிள்ளை யாரோடு வீட்டுக்குப் போகிறது, பெற்றோருக்கு யார் சொல்வது, காவல் நிலையத்துக்கு எப்போது தகவல் என்ற மூன்றையும் பள்ளி விடும் மணிக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

'பென்சிலைத் திருப்பித் தரவில்லை' என்ற சீட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் உடன் படிப்பவனையும், தடுக்க வந்த ஆசிரியையையும் வகுப்பறையிலேயே அரிவாளால் வெட்டினான். இருவருக்கும் இடையில் இருந்தது பென்சில் தொடர்பான பழைய தகராறு என்றே செய்திகள் வந்தன. ஒரே இரு பெயர்கள் இரண்டாவது முறை வந்தாலே இருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கழிப்பறையில் தண்ணீர் இல்லை, மின்விசிறி ஓடவில்லை என்ற சீட்டுகளே அதிகம் வரும். அவற்றை ஒதுக்கவே கூடாது. பிள்ளைகள் முதலில் சின்ன விஷயத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள். குழாய் சரியானால்தான் பெரிய விஷயம் வரும். அதனால் பக்கத்திலேயே ஒரு கரும்பலகை வைத்து, வாரந்தோறும் எழுதுங்கள்: வந்தவை 23, முடிந்தவை 17, மீதிக்கு இந்தத் தேதி. வசதிக் குறைகளை மட்டும் விவரமாக எழுதலாம். பிரார்த்தனைக் கூட்டத்தில் சீட்டை வாசிப்பது, கையெழுத்தை நோட்டோடு ஒப்பிடுவது, 'யார் எழுதியது, எழுந்து நில்' என்பது இவற்றில் ஒன்று ஒருமுறை நடந்தாலும் போதும், அந்த ஆண்டு முழுக்கப் பெட்டியில் குறள் மட்டும்தான் விழும்.

கேமராவோடு ஒப்பிடுவார்கள். சிபிஎஸ்இ 2025 ஜூலையில் தன் பள்ளிகளுக்கு ஒலியும் பதியும் கேமராக்களைக் கட்டாயமாக்கி, குறைந்தது 15 நாள் பதிவை வைத்திருக்கச் சொன்னது. நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதியும் 8 கேமராக்களுக்கு 15 நாள் என்றால் 2.6 டெராபைட் வேண்டும். அதில் ஒரு டெராபைட் வட்டு போட்டுவிட்டு ஆறு நாளுக்கு முந்தைய பதிவைத் தேடினால் கிடைக்காது. கேமரா தேவைதான். ஆனால் கழிப்பறைக்குள்ளும் பேருந்து நிறுத்தத்திலும் நடப்பது அதில் வராது.

பெட்டியின் குறையையும் சொல்ல வேண்டும். அது அவசரத்துக்கு உதவாது. இன்று மாலையே அடி விழும் என்றால் சீட்டு எழுதிக் காத்திருக்கக் கூடாது. நேரில் சொல்லலாம், இல்லாவிட்டால் குழந்தைகளுக்கான 1098, காவல்துறைக்கு 112, பள்ளிக்கல்வித் துறையின் 14417. இந்த எண்களைப் பெட்டியின் மீதே பெரிதாக எழுதுங்கள். ஆனால் பள்ளிக்குள் பிள்ளைகள் கையில் செல்போன் இருக்காது, விடுதியில் போன் காப்பாளர் அறையில் இருக்கும். ஆகவே அலுவலகத்தில் ஒரு போனை, யாரிடம் பேசுகிறாய் என்று கேட்காமல், பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் வேண்டும். விடுதிப் பெட்டியின் சாவி விடுதிக்கு வெளியே இருப்பவரிடம்தான் இருக்க வேண்டும்.

500 மாணவர்களுக்கு மேல் உள்ள ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் பள்ளி நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்று சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பரிந்துரைத்தது. அப்படி ஒருவர் இருந்தால் ஒரு சாவி அவரிடம் போவதே முறை. அதுவரை மேலே சொன்ன இருவர் ஏற்பாடு போதுமானது.

பராமரிப்பு அதிகமில்லை. மாதம் ஒருமுறை பூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய், குடைத்தகட்டுக்கு அடியில் குளவிக்கூடு இருக்கிறதா என்று ஒரு பார்வை. ஏப்ரல் கடைசி வேலைநாளில், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, கடைசியாக ஒருமுறை திறந்து பாருங்கள். லீவு விடும் நாளில் துணிந்து போட்ட சீட்டு ஜூன்வரை உள்ளே கிடக்கக் கூடாது. எடுத்த பிறகு வாயை அடைத்து, விடுமுறை முழுக்கப் பெட்டி திறக்கப்படாது, அவசரத்துக்கு 1098 என்று ஒட்டிவிடுங்கள்.