கேன்யன் பெயரைச் சொல்லாத கைடு: யூட்டாவுக்குக் குழந்தைகளோடு போகிறவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பாலைவனத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய், கேன்யன் எனும் ஆழமான பாறைப் பள்ளத்தாக்குகளில் கயிறு கட்டி இறங்கும் கேன்யனீரிங் செய்யலாம் என்று யாராவது திட்டம் போட்டிருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன லேபர் டே விடுமுறையில் (செப்டம்பர் தொடக்கத்தில் வருவது) நாங்கள் 1,180 டாலர் கட்டினோம். அதில் பாதிதான் திரும்பி வந்தது. பணத்தைவிட, அன்று மதியம் என் பிள்ளைகள் எங்கே நின்றுகொண்டிருந்தார்கள் என்பதுதான் இன்னும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நான், கணவர், 13 வயது மகன், 9 வயது மகள், என் தம்பி என ஐந்து பேர். முதல் நாள் ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா. அங்கே ஃபியரி ஃபர்னஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. செம்மணற்கல் சுவர்கள் வரிசை வரிசையாக எழுந்து நிற்கும். நடுவில் இருக்கும் சந்துகளில் வழி தெரியாமல் சுற்றவேண்டியதுதான். உள்ளே போகப் பெர்மிட் வேண்டும், ஐந்து வயதுக்குக் கீழ் இருந்தால் அனுமதியே கிடையாது. எங்களுக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. மகன் முகம் தொங்கிப்போய்விட்டது. அன்று இரவு கிரீன் ரிவர் ஊரில் தங்கியிருந்த அறையில் உட்கார்ந்து, அதே மாதிரி வேறு இடம் தேடும்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

சான் ரஃபேல் ஸ்வெல் பகுதியில் முழு நாள் குடும்பப் பயணம். காலையில் ஸ்லாட் கேன்யன், அதாவது மிகக் குறுகலான பாறைச் சந்துக்குள் நடை, மதியம் காப்ளின் வேலி மாநிலப் பூங்காவில் உள்ள காப்ளின்ஸ் லேயர் குகைக்குள் கயிற்றில் இறங்குவது. இரண்டு கைடுகள், குழந்தைகளுக்கான ஹெல்மெட், ஹார்னஸ் (கயிற்றோடு இணைக்க உடலில் மாட்டும் பட்டை), சாப்பாடு, தண்ணீர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. 590 டாலர் கார்டில் முன்பணம். மீதி 590-ஐ ஸெல் (வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் வசதி) மூலம் உடனே அனுப்பினால்தான் இடம் உறுதி என்றார்கள். அனுப்பினோம். காலை நடைக்கு எந்தக் கேன்யன் என்று கேட்டேன். அன்றைய வானிலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று பதில் வந்தது. பொறுப்பான ஆட்கள்தான் என்று எனக்கு நிம்மதிகூட ஆயிற்று.

மறுநாள் காலை 7.30-க்கு நெடுஞ்சாலை 24-ல், டெம்பிள் மவுண்டன் சாலை பிரியும் இடத்தில் வந்து நிற்கச் சொன்னார்கள். நாங்கள் 7.15-க்கே போய்விட்டோம். வண்டி வந்தது 9.10-க்கு. வந்தது ஒரே ஒரு கைடு. இருபத்திரண்டு வயது இருக்கலாம். அந்தப் பையன்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. முந்தின நாள் ராத்திரிதான் போன் செய்து நீ போ என்றார்களாம், பேச்சுவாக்கில் அவனே சொன்னான். அவனை அப்படி அனுப்பியவர்கள்மேல்தான் கோபம்.

அவன் வண்டிக்குப் பின்னால் எங்கள் வண்டி. காப்ளின் வேலிக்குத் திரும்பும் இடம் வந்தது, திரும்பவில்லை. லிட்டில் வைல்ட் ஹார்ஸ் கேன்யனின் வண்டி நிறுத்துமிடம் வந்தது, நிறையக் குடும்பங்கள் இறங்கிக்கொண்டிருந்தன, அங்கேயும் நிற்கவில்லை. அதைத் தாண்டி மண் சாலையில் குலுங்கிக்கொண்டே போய், போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லாத இடத்தில் நிறுத்தினான். கணவர் இறங்கிப் போய்க் கேட்டார். பூங்காவில் இன்று கூட்டம், இதைவிட நல்ல இடம் காட்டுகிறேன் என்றான். இந்தக் கேன்யனுக்கு என்ன பெயர் என்று நான் கேட்டேன். பெயரெல்லாம் கிடையாது, உள்ளூர் ஆட்களுக்கு மட்டும் தெரிந்த இடம் என்றான்.

அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ரகசிய இடம் என்றதும் கொண்டாட்டம். உண்மையைச் சொன்னால் எங்களுக்கும்தான்.

வண்டியிலிருந்து கேன்யன் வாய்க்கு நடக்கும்போது, கறுப்பாக, மொறமொறவென்று மேடு தட்டியிருந்த மண்மேல் குறுக்கே நடந்தான். என் மகன் நின்றுவிட்டான். "அம்மா, இது உயிருள்ள மண்ணும்மா. மிதிச்சா மறுபடி வளர ரொம்ப வருஷம் ஆகும்னு ரேஞ்சர் நேத்துதானே சொன்னாங்க." ஆர்ச்சஸில் பூங்கா ஊழியர்களான ரேஞ்சர்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஜூனியர் ரேஞ்சர் பேட்ஜ் வாங்கியிருந்தான். அது சரிதான். நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து கட்டிய தோல் அது, அந்தப் பாலைவனத்து மணலைக் காற்று அள்ளிப் போகாமல் பிடித்து வைத்திருப்பது. தொழில் தெரிந்த கைடு காய்ந்த ஓடை மணலிலோ பாறைமேலோதான் கூட்டிப் போவார். 13 வயதுப் பையனுக்குத் தெரிந்தது இவனுக்குத் தெரியவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே மணல் சில்லென்று இருக்கிறது. இரண்டு பக்கமும் வெண்ணெயைக் கரண்டியால் வழித்த மாதிரி வளைந்து வளைந்து ஏறும் பாறை. மேலே ஒரு நூல் அகலத்துக்கு வானம். அந்த வெளிச்சம் சுவரில் பட்டுப் பட்டுக் கீழே வருவதற்குள் ஆரஞ்சாகி, செம்பாகி, கடைசியில் ஊதாவாகிவிடுகிறது. மகள் இரண்டு கைகளையும் இரண்டு சுவரிலும் வைத்துக்கொண்டே நடந்தாள். இவ்வளவு அழகான இடத்தில் தப்பாக ஒன்று நடக்கும் என்று மனசு நம்பாது.

கயிறு கட்டும் இடம் வந்தபோதுதான் பை திறந்தது. ஹெல்மெட் ஐந்தும் பெரியவர்கள் அளவு. மகளுக்கு உள்ளே துணியைச் சுருட்டி வைத்தும் கண்ணுக்கு வழிந்தது. ஹார்னஸும் அப்படியே. இடுப்பு வளராத சின்னக் குழந்தை தலைகீழாகப் புரண்டால் இடுப்பு ஹார்னஸிலிருந்து நழுவிவிடும். அதனால்தான் அவர்களுக்கு மார்பையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ் போடுவார்கள். இதையெல்லாம் சொன்னது தம்பி. நான்கு வருடமாகச் சுவர் ஏறிப் பழகும் கிளைம்பிங் ஜிம்முக்குப் போகிறவன்.

எதிரே சுமார் 25 அடி இறக்கம். சுவர்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டிருந்த ஒரு பாறையைச் சுற்றி யாரோ எப்போதோ கட்டிவிட்டுப் போன நைலான் வெப்பிங் பட்டை. அதில்தான் கயிற்றை மாட்டப் போனான். தம்பி குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தான். சிவப்பாக இருந்த பட்டை வெளுத்துப் போய், அட்டை மாதிரி விறைத்திருந்தது. வெயிலில் கிடந்தால் நைலான் தன் பலத்தை இழந்துவிடும். பார்வைக்கு முழுசாகத்தான் இருக்கும். கேன்யனீரிங் செய்கிறவர்கள் புதுப் பட்டையும் கத்தியும் கையோடு கொண்டு போய், சந்தேகம் இருந்தால் பழையதை வெட்டிவிட்டுப் புதிது கட்டுவார்கள். புதுப் பட்டை இருக்கிறதா என்று தம்பி கேட்டான். இல்லை, எல்லாரும் இதில்தான் இறங்குகிறார்கள் என்று பதில்.

தம்பி இன்னொன்றும் கேட்டான். கீழே இன்னும் எத்தனை இறக்கம், மிக உயரமானது எத்தனை அடி? இது ஏன் முக்கியம் என்றால், கேன்யனீரிங்கில் எல்லாரும் இறங்கியபின் கயிற்றைக் கீழிருந்து உருவி எடுத்துக்கொள்வார்கள். உருவியபின் மேலே ஏற வழி கிடையாது. கீழே என்ன இருந்தாலும் முன்னால் போயே ஆகவேண்டும். இன்னும் ரெண்டு இருக்கும் என்று நினைக்கிறேன் என்றான் அந்தப் பையன்.

நினைக்கிறானாம்.

"அத்தான், இதுல பிள்ளைங்கள இறக்கக் கூடாது. திரும்பிடலாம்" என்றான் தம்பி. கணவர் ஒரு வார்த்தை பேசாமல் மகளின் ஹார்னஸைக் கழற்ற ஆரம்பித்தார்.

திரும்பி வருவதுதான் கொடுமை. தண்ணீர் அவர்கள் பொறுப்பு என்றார்கள் இல்லையா, தலைக்கு ஒரு சின்ன பாட்டில்தான் கொண்டு வந்திருந்தான். அந்தப் பாலைவனத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது நான்கு லிட்டர் அளவுக்கு, வேண்டும் என்று பூங்காக்காரர்கள் சொல்வது. நாங்கள் கொண்டு போயிருந்த மூன்று லிட்டரும் தீர்ந்துவிட்டது. வரும்போது சறுக்கி இறங்கிய இடங்களில் இப்போது முதுகை ஒரு சுவரிலும் காலை மறு சுவரிலும் கொடுத்து ஏறவேண்டும். ஒரு இடத்தில் ஹெல்மெட் வழிந்து மகளுடைய கண்ணை மூடிவிட்டது. முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் அம்மா அம்மா என்று கத்துகிறாள். நான் கீழே, அவள் காலைத் தோளில் தாங்கிக்கொண்டு. அந்தச் சத்தம் சுவரில் மோதித் திரும்பத் திரும்ப வந்தது. அப்போதுதான் இடியும் கேட்டது. எங்கள் தலைக்கு மேலே வானம் நீலமாகத்தான் இருந்தது.

2.45-க்கு வெளியே வந்து மேட்டில் நிறுத்தியிருந்த வண்டிக்குப் போனோம். எங்கள்மேல் ஒரு துளி மழை விழவில்லை. 3.20 இருக்கும், தூரத்தில் லாரி வருகிற மாதிரி ஒரு சத்தம். சுள்ளியும் நுரையுமாகக் காப்பி நிறத்தில் ஒரு தண்ணீர் நாக்கு கேன்யன் வாயிலிருந்து வந்தது. பின்னாலேயே முழங்கால் உயரத்துக்குச் சேறு. எங்கள் காலடித் தடங்கள்மேல் அது போவதை நாங்கள் ஐந்து பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். திறந்த ஓடையிலேயே முழங்கால் உயரம் என்றால், இரண்டு அடி அகலச் சந்துக்குள் அது எவ்வளவு உயரம் எழும்பியிருக்கும்? கைடு பையன் வண்டியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

இது என்றைக்கோ ஒருநாள் நடக்கும் அபூர்வம் இல்லை. 1997 ஆகஸ்ட் 12-ல் அரிசோனாவின் லோயர் ஆன்டிலோப் கேன்யனில், பல மைல் தூரத்தில் பெய்த மழை 11 சுற்றுலாப் பயணிகளைக் கொன்றது. 2015 செப்டம்பர் 14-ல் யூட்டாவிலேயே இருக்கும் சயான் தேசியப் பூங்காவின் கீஹோல் கேன்யனில் இறங்கிய ஏழு பேரும் இறந்தார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே பருவமழைக் காலம். அந்த மாதங்களில் சால்ட் லேக் சிட்டி வானிலை அலுவலகம் ஒவ்வொரு பகுதிக்கும் திடீர் வெள்ள வாய்ப்பை நான்கு படிகளில் வெளியிடுகிறது: இல்லை, வரலாம், வரக்கூடிய வாய்ப்பு அதிகம், வரும். நாங்கள் போன அன்று மூன்றாவது படி. ஊருக்குத் திரும்பியபின் பார்த்தேன். வானிலையைப் பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்வோம் என்று எழுதியவர்கள் அதைப் பார்க்கவே இல்லை.

பணம் கேட்டு எழுதினேன். வாடிக்கையாளர் தாமாகவே பயணத்தை நிறுத்திக்கொண்டதால் பணம் கிடையாது, கையெழுத்துப் போட்ட படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று இரண்டு வரி பதில். அதன்பின் பதிலே இல்லை.

அப்புறம் நான் விசாரிக்கத் தொடங்கினேன். தம்பியின் கைக்கடிகாரத்தில் பதிவாகியிருந்த பாதையை வைத்து, நாங்கள் போன கேன்யனுக்கு நன்றாகவே பெயர் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். அது பியூரோ ஆஃப் லேண்ட் மேனேஜ்மென்ட் என்ற மத்திய அரசு நிறுவனம் நிர்வகிக்கும் பொது நிலம். அங்கே காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் கூட்டிப்போகச் சிறப்புப் பெர்மிட் வேண்டும். பிரைஸ் ஊரில் உள்ள அவர்களுடைய அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நான் சொன்ன நிறுவனம் பட்டியலில் இல்லை. காப்ளின்ஸ் லேயரில் இறங்கவும் மாநிலப் பூங்காவின் பெர்மிட் வேண்டும். அதுவும் இவர்கள் வாங்கியிருக்கவில்லை. பூங்கா வாசலுக்குத் திரும்பாமல் போனது அதனால்தான். கேன்யனுக்குப் பெயர் இல்லை என்று சொன்னதும் அதனால்தான். பெயரைச் சொன்னால் அந்த நிலம் யாருடையது என்று தேடிப் பார்த்துவிடுவோம் அல்லவா.

எங்களுக்குத் தெரியாமல் போனது இதுதான். அந்தப் பகுதியில் பார்வைக்கு எல்லாம் ஒரே செம்பாறை. ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிர்வாகம், ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. சயான் தேசியப் பூங்காவின் கேன்யன்களுக்குள் காசுக்குக் கூட்டிப்போகும் கேன்யனீரிங் யாருக்கும் அனுமதி இல்லை. அங்கே உள்ள நல்ல நிறுவனங்கள் பூங்காவுக்கு வெளியேதான் கூட்டிப்போகும். பூங்காவுக்கு உள்ளேயே கயிற்றில் இறக்குகிறோம் என்று யாராவது விற்றால், அது பொய். ஆன்டிலோப் கேன்யன் நவஹோ மக்களின் நிலம். அவர்கள் அனுமதித்த கைடு இல்லாமல் நுழையவே முடியாது.

ஆகவே கேன்யன் பெயர் என்ன, அது யாருடைய நிலம், அங்கே உங்களுக்குப் பெர்மிட் இருக்கிறதா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வந்ததும் அந்த நிலத்தை நிர்வகிக்கும் அலுவலகத்துக்கே போன் செய்து சரிபாருங்கள். எனக்கு ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. வானிலையால் இடம் மாறலாம், அது நியாயம். மாறினால் மாறிய இடத்தின் பெயரையும் கேட்டு, ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். 2003 ஏப்ரலில் ஆரன் ரால்ஸ்டன் என்பவர் அதே யூட்டாவில், புளூஜான் கேன்யனில், பாறைக்கும் சுவருக்கும் நடுவில் கை மாட்டிக்கொண்டு ஐந்து நாள் கிடந்தார். அவர் எங்கே போனார் என்று யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நாங்கள் எங்கே இருந்தோம் என்பது எங்களுக்கே தெரியாது.

குழந்தைகளின் எடை, இடுப்புச் சுற்றளவை அவர்கள் கேட்கிறார்களா என்று பாருங்கள். எங்களிடம் கேட்கவே இல்லை. கேட்காதவர்கள் எப்படி அந்த அளவில் ஹார்னஸ் கொண்டு வருவார்கள்?

பணம் முழுவதையும் கிரெடிட் கார்டிலேயே கட்டுங்கள். விளம்பரத்தின் படம், மின்னஞ்சல்கள், வழிந்த ஹெல்மெட்டோடு மகள் நிற்கும் படம், பெர்மிட் இல்லை என்ற தகவல் எல்லாவற்றையும் இணைத்துக் கார்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன். ஏழு வாரத்தில் 590 டாலர் திரும்பி வந்தது. ஸெல்லில் போன 590-க்கு, நீங்களே அனுப்பியதுதானே என்று வங்கி கையை விரித்துவிட்டது. இதே போல ஏமாந்த குடும்பம் யாராவது இருந்தால், தாமதிக்காதீர்கள். அந்தக் கட்டணம் வந்த முதல் கார்டு ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட தேதியிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும்.