இரண்டாவது ரௌட்டர்: பிரிட்ஜ் முறையா, அக்சஸ் பொயிண்ட் முறையா?

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இணைய இணைப்பின் ஃபைபர் பெட்டி முன்கூடத்தில் பொருத்தப்பட்டிருந்தால், கொங்கிரீட் சுவர்களைக் கடந்து பின்னறைக்குச் செல்லும் வைஃபை மிகவும் நலிந்துவிடுகிறது. இதற்காகச் சொந்தமாக ரௌட்டர் வாங்குபவருக்கு இரண்டு வழிகள் உள்ளன.

பிரிட்ஜ் முறையில், இணையச் சேவை நிறுவனத்தின் பெட்டி ஒளிச் சமிக்ஞையை மாற்றித் தருவதோடு நின்றுவிட, இணைப்பை ஏற்படுத்தும் பொறுப்பு முழுவதும் உங்கள் ரௌட்டருக்கு வருகிறது. இணைப்பு பிபிபிஓஇ (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறை) வகையாயின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நிறுவனத்திடம் கேட்டுப் பெற வேண்டும். விலான் எண் (ஒரே இணைப்பில் வரும் சேவைகளைப் பிரித்தறியும் எண்) தேவைப்படும் இணைப்பில் அந்த எண் தவறாக இருந்தால், கடவுச்சொல் சரியாக இருந்தும் இணைப்பு கிடைக்காது. ஈதர்நெட்டின் ஒரு தரவுப் பொதி கொள்ளும் 1500 பைட்டில் பிபிபிஓஇ 8 பைட்டை எடுத்துக்கொள்வதால், எம்டியு (ஒரு பொதியில் அனுப்பக்கூடிய உச்ச அளவு) வழக்கமாக 1492 ஆக இருக்க வேண்டும். வீட்டுக் கருவிகளின் உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றும் முகவரி மாற்றம் ஒரே இடத்தில் நிகழ்வதே இம்முறையின் பெரும் பலன். பொது ஐபி முகவரி (இணையத்திலிருந்து நேரடியாக அணுகத்தக்க முகவரி) உள்ளவர்கள் வீட்டுக் கமராவை வெளியிலிருந்து பார்ப்பதற்கான போர்ட் அமைப்பை (வெளியிலிருந்து வரும் இணைப்பைக் கமராவுக்குத் திருப்பிவிடும் அமைப்பை) ஒருமுறை செய்தால் போதும். ஆனால் அதே பெட்டியில் தொலைபேசியோ தொலைக்காட்சியோ இணைந்திருந்தால், அவை தொடர்ந்து இயங்குமா என்பதை முன்கூட்டியே உறுதிசெய்வது அவசியம்.

புதிய ரௌட்டர் வைஃபையைப் பரப்புவதோடு நின்றுவிடும் அக்சஸ் பொயிண்ட் முறை எளியது. பழைய பெட்டியின் அமைப்பைத் தொடாமல், லான் கேபிள் ஒன்றைப் பின்னறை வரை இழுத்து, புதிய ரௌட்டரின் டிஎச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் வசதியை) நிறுத்தினால் போதும். முதற்பெட்டி 192.168.1.1 என்றால், புதியதற்கு 192.168.1.2 போன்ற வேறொரு முகவரி தர வேண்டும்.

வைஃபை எட்டாததே குறையென்றால், இந்த இரண்டாவது வழியையே உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.