பிட்பர்கர் 0.0, கிளவுஸ்தாலர்: ஆல்கஹால் இல்லாத பில்ஸில் என் ஓட்டு யாருக்கு?

ஜெர்மனியில் புதிதாக ஓட்டுநர் உரிமம் வாங்கினால் முதல் 2 வருஷம் சோதனைக் காலம். அதுவரை வண்டி ஓட்டுகிறவர் சொட்டு மதுகூடக் குடிக்கக் கூடாது. அந்தக் காலத்தில்தான் நான் ஆல்கஹால் இல்லாத பீர் பக்கம் ஒதுங்கினேன். பில்ஸ் (வெளிர் நிற, கசப்பு தூக்கலான பீர்) வகையில் பலவற்றைக் குடித்துப் பார்த்ததில் இரண்டு மிஞ்சின: பிராங்க்பர்ட்டில் பிறந்த கிளவுஸ்தாலர், ஐஃபல் மலைப் பகுதியின் பிட்பர்கர் 0.0. இப்போது வீட்டுக்குப் பெட்டியாக வருவது பிட்பர்கர்தான்.

விலையிலும் கிடைப்பதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் 8 சென்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆலை என்று பார்த்தால் பிட்பர்கர் 1817-இல் தொடங்கியது. ஆனால் ஆல்கஹால் இல்லாத பீரில் மூத்தது கிளவுஸ்தாலர்; அது 1979-லேயே கடைக்கு வந்துவிட்டது.

0.0 என்ற எண்ணைப் பார்த்துத்தான் நான் முதலில் பிட்பர்கரை எடுத்தேன். மற்றதில் ஆல்கஹால் இருக்குமோ என்று பயந்தேன்; அது வீண் பயம். ஜெர்மனியில் 0.5 சதவீதம் வரை இருந்தாலும் 'ஆல்கஹால் இல்லாதது' என்று விற்கலாம். கிளவுஸ்தாலர் அந்த எல்லைக்குள் வருவது. நன்றாகக் கனிந்த வாழைப்பழத்திலும் துளி ஆல்கஹால் உண்டு. (குடியை விட்டு மீண்டவர் கதை வேறு. 0.0 என்றாலும் பீரின் மணமும் ருசியுமே பழைய பழக்கத்துக்கு இழுத்துவிடலாம்.)

எனக்கு முடிவைச் சொன்னது இனிப்பு. ஈஸ்ட் மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சர்க்கரையைத் தின்றுதான் ஆல்கஹாலை உண்டாக்குகிறது. கிளவுஸ்தாலரில் அந்த நொதித்தலையே கட்டுக்குள் வைத்து, ஆல்கஹால் அதிகம் உண்டாகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஈஸ்ட் தின்னாமல் விட்ட சர்க்கரை பீரிலேயே தங்கிவிடும். பிட்பர்கரில் வழி நேர் எதிர்: முழுப் பீராகக் காய்ச்சி, நொதிக்கவிட்டு, பிறகு ஆல்கஹாலைப் பிரித்தெடுக்கிறார்கள். இப்படிப் பிரிக்கும்போது ஆல்கஹாலோடு கொஞ்சம் வாசனையும் போய்விடும் என்பது உண்மை. முதல் மடக்கில் பிட்பர்கர் சற்று வெறுமையாகத் தெரியும், கிளவுஸ்தாலர்தான் நிறைவாக இருக்கும். ஆனால் நான் ஒரு கிளாஸை முக்கால் மணி நேரம் உருட்டுகிற ஆள். குளிர் இறங்க இறங்கக் கிளவுஸ்தாலரில் மால்ட் இனிப்பு மேலே வருகிறது. ஊறவைத்த தானியத்தின் வாசனை. பிட்பர்கரில் ஹாப்ஸ் பூவின் கசப்பு கடைசி மடக்கு வரை நிற்கிறது. பில்ஸ் என்றால் எனக்கு அந்தக் கசப்புதான். இரண்டாவது பாட்டிலைத் திறக்கத் தோன்றுவதும் அதில்தான்.

இதெல்லாம் பாட்டில் பீரை வைத்துச் சொல்வது. பீப்பாயிலிருந்து பிடித்துத் தந்ததை நான் இரண்டிலுமே குடித்ததில்லை. கிளவுஸ்தாலரில் ஹாப்ஸைத் தூக்கலாகச் சேர்த்த வகையும் உண்டு. இனிப்பு அதில் அடங்கியிருப்பதாகத் தோன்றியது, ஆனால் குடித்தது இரண்டே பாட்டில். அப்புறம், கல்லுப்பு தூவிய பிரெட்ஸல் ரொட்டிக்குக் கிளவுஸ்தாலரின் இனிப்பு நன்றாகவே சேர்கிறது. அதற்காக ஓரிரு பாட்டில் எப்போதும் ஃபிரிட்ஜில் கிடக்கும்.