உப்பு ஏறிய வயலுக்கு எது கைகொடுக்கும்: ரகமா, ஜிப்சமா, டானிக்கா?

ஆரம்பாக்கத்தில் தொடங்கி தடா, சூலூர்பேட்டை வரை, பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையோரம் நெல் போடுகிறவர்களிடம் மூன்று யோசனைகள் மாறி மாறிச் சொல்லப்படுகின்றன. உப்பு தாங்கும் விதையை வாங்கிப் போடு என்கிறார் ஒருவர். மண்ணுக்கு ஜிப்சம் போடு என்கிறார் இன்னொருவர். பயிருக்குத் தெம்பு கொடுத்தால் போதும், விதை நேர்த்தி, நுண்ணுயிர், இலையில் தெளிக்கும் மருந்து என்று பாட்டிலை நீட்டுகிறார் கடைக்காரர். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றும் ஒரே நோய்க்கான மருந்து அல்ல. இந்தக் கரையில் கையில் இருக்கும் பணத்தை எதில் முதலில் போடுவது என்று கேட்டால், ரகத்தில் என்பேன். ஜிப்சம் பல வயல்களில் தேவையே இல்லை. பாட்டில் கடைசியில் வரட்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. அதைக் கடையில் விற்பதில்லை என்பதால் அதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை.

நெல் உப்புக்கு அஞ்சுகிற பயிர். வேர்ப்பகுதி மண்ணின் நிறைசாற்றில் (மண்ணைத் தண்ணீரில் குழைத்து வடித்த சாறு) உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் சுமார் 12 சதவீதம் போகும் என்பது உலகெங்கும் புழங்கும் கணக்கு. 6 இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நஷ்டம். (மண் பரிசோதனைச் சீட்டில் வரும் எண்ணை இதோடு நேராக ஒப்பிட வேண்டாம். மண்ணில் நிறைய தண்ணீர் கலந்து அளப்பதால் சீட்டில் எண் குறைவாகத்தான் தெரியும்.) ஆனால் எல்லா வயதிலும் பயிர் ஒரே மாதிரி அஞ்சுவதில்லை. முளைக்கும்போது தாங்கிக்கொள்ளும். இரண்டு, மூன்று இலை நாற்றாக இருக்கும்போது துவண்டுபோகும். தூர் கட்டும்போது மறுபடி தாங்கும். கதிர் உருவாகிப் பூக்கும் காலத்தில் உப்பு ஏறினால் பயிர் பச்சையாகவே நிற்கும், கதிரைப் பிடித்து உருவினால் பாதி பதர். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த இரண்டு பலவீனமான கட்டங்களைச் சுற்றித்தான்.

முதலில் ஜிப்சம், ஏனென்றால் அதிகம் வீணாவது அதில்தான். "மூட்டை மூட்டையா கொட்டியாச்சு தம்பி, மேல பூக்கிற வெள்ளை அப்படியேதான் இருக்கு" என்று தடா பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். கொட்டிய பொருளில் குறை இல்லை. அவருடையது உவர் நிலம், ஜிப்சம் களர் நிலத்துக்கான மருந்து. களரில் சோடியம் களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அந்த இடத்தைப் பிடித்து சோடியத்தைத் தள்ளிவிடும், பிறகு தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போகும். உவர் நிலத்தில் உப்பு மண்ணீரில் கரைந்தே கிடக்கிறது. அங்கே தள்ளிவிட எதுவும் இல்லை, கழுவத்தான் வேண்டும். ஜிப்சமும் ஒரு உப்புதானே, உவரில் போட்டால் இருக்கிற சுமையோடு இன்னும் கொஞ்சம் சேரும்.

இரண்டையும் பிரித்தறிய வீட்டிலேயே ஒரு வழி உண்டு. கண்ணாடி பாட்டிலில் கால்வாசி வயல் மண், மேலே மழைநீர், நன்றாகக் குலுக்கி ஓரமாக வைத்துவிடுங்கள். போர்வெல் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு இருக்கும். சில மணி நேரத்தில் மண் கீழே படிந்து தண்ணீர் தெளிந்துவிட்டால் உவராக இருக்க வாய்ப்பு அதிகம். மறுநாள் காலையிலும் தேநீர் நிறத்தில் கலங்கியே நின்றால் களர் என்று சந்தேகப்படலாம். வயலிலும் இதே அடையாளம்தான்: உவரில் வரப்போரம் வெள்ளைப் பூப்பு, காலால் மிதித்தால் மண் பொலபொலவென்று இருக்கும். களரில் மேல்மண் இறுகி, மழை பெய்தால் கலங்கல் நீர் இறங்காமல் நாள்கணக்கில் தேங்கும். சந்தேகம் இருந்தால் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கார அமில நிலை 8.5-க்கு மேல் இருந்தால் ஜிப்சம் பேச்சை எடுக்கலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. கடல்நீர் புகுந்து நின்ற களிமண்ணில் உப்பைக் கழுவக் கழுவ சோடியம் மட்டும் மண்ணோடு ஒட்டி மீந்து நிற்கும். அப்போது கழுவுவதோடு ஜிப்சமும் சேர வேண்டும். தக்கைப் பூண்டு என்ற பசுந்தாள் உரப்பயிர் விஷயத்தில் இந்தப் பிரிவினை வேண்டாம், உவரோ களரோ இரண்டுக்கும் நல்லது. ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதால் மண் பொதுபொதுப்பாகி தண்ணீர் இறங்க வழி கிடைக்கும்.

ரகத்துக்கு வருவோம். கேரளத்தின் பொக்காளிதான் உப்பு தாங்கும் நெல்லுக்கு உலகம் காட்டும் உதாரணம். எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் காயலோர நெல் அது. 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் முதல் குரோமோசோமில் உள்ள சால்டோல் என்ற மரபணுப் பகுதி, வேரிலிருந்து மேலே ஏறும் சோடியத்தை வழியிலேயே இழுத்துப் பிடித்து இலைக்குப் போகாமல் தடுக்கிறது, பொட்டாசியத்தை மட்டும் மேலே விடுகிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பொக்காளியிலிருந்து அதை எடுத்து எப்.எல். 478 என்ற நெல் வரிசையில் ஏற்றியது. பல நாடுகளின் உப்பு தாங்கும் ரகங்களுக்கு அது மூலப்பொருளானது. அப்படியானால் பொக்காளி விதையையே கொண்டுவந்து இங்கே தூவிவிடலாமா? வேண்டாம். ஆள் உயரம் வளர்ந்து சாயும், நம் ஊர்ச் சந்தைக்கு அந்தச் சிவப்பரிசி பழக்கமில்லை. அதைவிட முக்கியமான ஒன்று, பொக்காளிக்காரர்கள் உப்பு உச்சத்தில் இருக்கும்போது நெல் போடுவதே இல்லை. கோடையில் வயலில் மண்ணை மேடு மேடாகக் கூட்டி வைத்து, தென்மேற்குப் பருவமழை அந்த மேடுகளைக் கழுவிய பிறகே அவற்றின் மேல் விதைக்கிறார்கள். மழை ஓய்ந்து உப்பு திரும்ப ஏறும்போது நெல் அறுவடையாகி அதே வயலில் இறால் இருக்கும். உலகத்திலேயே தைரியமான நெல்லை வைத்திருப்பவர்களும் மழை முடித்த வேலைக்குப் பிறகுதான் அதை நம்புகிறார்கள்.

நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உப்பு தாங்கும் ரகங்கள் பிறந்த இரண்டு வீடுகள். ஒன்று திருச்சி, அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரியின் டி.ஆர்.ஒய். 1, டி.ஆர்.ஒய். 3. இரண்டும் சுமார் 135 நாள். ஆனால் அவை களர் மண்ணில் தேர்ந்தெடுக்கப்பட்டவை. களர் இருக்கும் உள்நாட்டு வயலுக்கு யோசிக்காமல் அவற்றை எடுங்கள். இன்னொன்று ஆந்திரத்தின் மசூலிப்பட்டினம். கடலோர உவர் மண்ணுக்காகவே அங்கே உருவான எம்.சி.எம். வரிசை ரகங்கள் நம் ஏரிக்கரைக்கு இன்னும் நெருங்கிய உறவு. ஏரியை ஒட்டிய வயலில் இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யச் சொன்னால் நான் எம்.சி.எம். பக்கம் நிற்பேன். நாகை மாவட்டத்தில் பேர்பெற்ற குழியடிச்சான், களர்ப்பாலை போன்ற பாரம்பரிய நெல்லும் உப்பைத் தாங்கும், வைக்கோலும் நிறைய. விளைச்சல் குறைவுதான். வீட்டுச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் நிலம் ஒதுக்குபவர்களுக்கு நல்லது. நாம் அதிகம் போடும் ஆந்திரா பொன்னி, அதாவது பி.பி.டி. 5204, அரிசிக்கு விலை தரும், உப்புக்குத் தோற்றுவிடும். விலையை நினைத்து ஏரியோர வயலிலும் அதையே போடுவதுதான் இந்தப் பகுதியில் எனக்கு அதிகம் மனம் வலிக்கும் விஷயம். உப்பு இல்லாத மேட்டு வயலில் பொன்னி போடுங்கள், பள்ளத்து உவருக்கு வேறு விதை வாங்குங்கள். ஒரே ஆளின் நிலத்திலேயே உப்பு திட்டுத் திட்டாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, பாட்டில். சூடோமோனாஸ், அசோஸ்பைரில்லம், மெத்திலோபாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் எல்லாம் பயிரைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், மலிவும் கூட. பொட்டாசியம் குளோரைடு கரைசலில் விதையை ஊறவைத்தால் முளைப்பு சீராகும். ஆனால் நடவு நெல்லில் முளைப்பு நடப்பது நல்ல தண்ணீர் பாயும் நாற்றங்காலில், அதுவும் நெல் உப்பைத் தாங்கும் வயதில். பலன் நேரடி விதைப்புக்காரர்களுக்குத்தான் அதிகம். சிலிக்கான் கொஞ்சம் வேறு. நெல் வேரில் சோடியம் திருட்டுத்தனமாக நுழையும் சந்துகளை அது அடைப்பதாக ஆய்வுகளில் தெளிவாகத் தெரிகிறது. அதற்கும் விலையுயர்ந்த பாட்டில் எதற்கு? வைக்கோலைக் கொளுத்தாமல் மடக்கி உழுதால் சிலிக்கான் மண்ணுக்கே திரும்பும். தெளிப்பு மருந்தை மட்டும் நம்பி உவரில் நெல் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சரி, கடையில் விற்காதது எது? மழையும் நாள்காட்டியும். ஒரு அடி ஆழ மண்ணின் உப்பில் பெரும்பங்கைக் கழுவ ஏறக்குறைய ஒரு அடி நல்ல நீர் அதன் வழியே இறங்க வேண்டும். அதை வடகிழக்குப் பருவமழை இலவசமாகத் தருகிறது, நாம் வரப்பைக் கட்டி நிறுத்தினால். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் ஆரணி ஆறு, காளங்கி ஆற்று வெள்ளமும் சேர்ந்து ஏரி நீரின் உப்பையே மட்டுப்படுத்தும். கோடை உழவு போட்டு, வரப்பை உயர்த்தி, முதல் மழையைத் தேக்கி வடித்துவிட்டு அப்புறம் நடுங்கள். நாற்று 30 முதல் 35 நாள் ஆகட்டும், குத்துக்கு நான்கு வையுங்கள், இளநாற்றின் பலவீனமான வயது நாற்றங்காலிலேயே கழிந்துவிடும். துத்தநாக சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ கட்டாயம், உப்பு மண்ணில் துத்தநாகம் பயிருக்கு எளிதில் கிடைப்பதில்லை.

இப்படிப் பார்த்தால் பட்டத்தைத் தேர்வதும் ஒரு ஒப்பீடுதான். சம்பா பூக்கும்போது வயலில் மழைநீர் இருக்கும். நவரை பூப்பது மார்ச் வாக்கில், ஏரி வற்றி, கிணற்று நீரில் உப்பு ஏறும் நேரம். அப்போது போர்வெல்லை ஓட்டி உப்புத் தண்ணீரையே பாய்ச்சினால் எந்த ரகமும் எந்த மூட்டையும் காப்பாற்றாது. தெற்கே மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது, அது நம் கண் முன்னால் நடந்தது. ஏரியோரத்தில் நவரை போட நினைப்பவர்கள் நாற்று விடும் முன்பே கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்பு அதிகம் என்று வந்தால் அந்தப் பட்டத்தில் நெல்லை விட்டுவிட்டு தக்கைப் பூண்டு விதையுங்கள், அடுத்த சம்பாவுக்கு மண் தயாராக இருக்கும்.