பழைய 944 எஞ்சின் கனெக்டர்: பிக்டெயிலா, புது ஹவுசிங்கா, டாய்ச்சா?

எஞ்சினுக்கு பெட்ரோல் பீச்சுற இன்ஜெக்டரோட கனெக்டர்ல இருக்குற கம்பி கிளிப்பை லேசா நெம்பினேன், கிளிப் எங்கயோ பறந்து போச்சு, கையில மிஞ்சுனது பிளாஸ்டிக் தூள்தான். 1982ல இருந்து 1991 வரைக்கும் வந்த போர்ஷே 944ல எதைத் தொட்டாலும் இதே கதைதான், இத்தனை வருஷம் எஞ்சின் சூட்டுல வெந்த பிளாஸ்டிக் காஞ்ச சருகு மாதிரி இல்லாம வேற எப்படி இருக்கும். இதை சரி பண்ண மூணு நாலு வழி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோஷ்டி இருக்கு. நான் ரெண்டு வழில பண்ணிப் பாத்து, அதுல ஒண்ணுல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டவன்.

முதல்ல பிக்டெயில். புது கனெக்டர்ல ஏற்கனவே கொஞ்ச நீளம் ஒயர் போட்டு ரெடியா வரும், பழசை வெட்டு, இதை ஒட்டு, முடிஞ்சுது. நானும் ஆரம்பத்துல அதைத்தான் பண்ணேன், நாலு இன்ஜெக்டருக்கும் சால்டர் வச்சு மேல ஸ்லீவ் போட்டு பார்க்க அவ்ளோ அழகா இருந்துச்சு. ஆறு மாசம் கழிச்சு எஞ்சின் சூடானா மட்டும் ஒரு சிலிண்டர் மிஸ் ஆக ஆரம்பிச்சுது, பிளக் மாத்தி, பிளக் ஒயர் மாத்தி, இன்ஜெக்டரைக் கழட்டி செக் பண்ணி எல்லாம் பாத்தாச்சு, கடைசில ஸ்லீவைக் கிழிச்சுப் பாத்தா சால்டர் முடியுற எடத்துல ஒயர் இழை எல்லாம் அறுந்து, ரெண்டு மூணு இழைல தொங்கிட்டு இருக்கு. சால்டர் உருகும்போது இழைக்குள்ள ஏறிக்கும், அது ஏறுன வரைக்கும் ஒயர் குச்சி மாதிரி விறைச்சுப் போயிடும், அதிர்வு எல்லாம் அந்த விறைப்பு முடியுற ஒரே புள்ளிலதான் வந்து அடிக்கும். வெளிய இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது, அதுதான் கொடுமை. பிக்டெயில்தான் போடணும்னா சால்டரை விட்டுட்டு கிரிம்ப் ஸ்பிளைஸ் (ஒயரை உள்ள விட்டு நசுக்கி இணைக்கிற உலோகக் குழாய்) போடுங்க, மேல உள்பக்கம் பசை இருக்குற, சூடு பட்டா சுருங்குற ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்க, ரெண்டு ஒயரோட ஜாயின்டும் ஒரே இடத்துல வராம தள்ளித் தள்ளி வைங்க. வாங்குறதுக்கு முன்னாடி ஒயரையும் பாருங்க, சாதா பிவிசி ஒயரா இருந்தா எஞ்சின் மேல வேண்டாம், 125 டிகிரி தாங்குற ஒயர் போட்டதா பாத்து வாங்குங்க.

அடுத்தது என் ஓட்டு விழுற வழி: அதே மாதிரி புது ஹவுசிங் (வெளி பிளாஸ்டிக் கூடு), புது டெர்மினல் (உள்ள உக்கார்ற உலோக முனை), ஒயர் மேல வர்ற புது ரப்பர் பூட். வண்டில இருக்குற ஒயரையே நேரா புது டெர்மினல்ல கிரிம்ப் பண்றோம், நடுவுல ஜாயின்டே கிடையாது. இந்த பழைய போஷ் இன்ஜெக்டர் கனெக்டர்ல உக்கார்றது 2.8 மில்லிமீட்டர் ஜூனியர் பவர் டைமர்ங்கிற வகை டெர்மினல், அது தனியாவே கிடைக்குது. ஆனா ஹவுசிங்ல மிச்சம் பிடிக்காம கிரிம்பருக்கு செலவு பண்ணுங்க, ரிங் டெர்மினல் நசுக்குற சாதா பிளையர் இதுக்கு ஆகாது, காது திறந்த இந்த மாதிரி டெர்மினலுக்கான ஓப்பன் பேரல் டை (அச்சு) போட்ட ராட்செட் கிரிம்பர் வேணும். டெர்மினல்ல ரெண்டு ஜோடி காது இருக்கும், முன்னாடி ஜோடி செம்பைப் பிடிக்கணும், பின்னாடி ஜோடி ஒயரோட தோலைப் பிடிக்கணும். நல்ல கிரிம்ப்னா முன்னாடி காது ரெண்டும் உள்பக்கம் சுருண்டு செம்புக்குள்ள இறங்கி ஆங்கில பி எழுத்தைக் கவுத்துப் போட்ட மாதிரி இருக்கும், இழை நுனி முன்னால கொஞ்சூண்டு எட்டிப் பாக்கும். கையால பலமா இழுத்துப் பாருங்க, வந்துச்சுன்னா இப்பவே வந்தது நல்லது. பூட்டை ஒயர்ல மாட்டாம கிரிம்ப் அடிச்சுட்டு தலைல கை வைக்காத ஆளே கிடையாது, நான் ரெண்டு தடவை.

ஒயரோட தோலை உரிச்சா உள்ள செம்பு கருத்துப் போயிருக்கா, பளபளன்னு வர்ற வரைக்கும் வெட்டிட்டே போங்க. அப்படி வெட்டி நீளம் பத்தாமப் போச்சுன்னா அப்போ பிக்டெயில் நியாயம், மறுக்கல.

இப்போ டாய்ச் டிடி, அதாவது டாய்ச் (Deutsch)ங்கிற பிராண்டோட டிடி வரிசை. பார்த்தாலே ஆசை வர்ற கனெக்டர், அதை மறுக்க முடியாது, சைஸ் 16 பின், ஒரு பின்னுக்கு 13 ஆம்ப், ரப்பர் சீல், பின்னைப் பூட்டி வைக்க ஆப்பு, எல்லாம் இருக்கு. ஆனா அப்கிரேடுன்னு சொல்றவங்க ஒண்ணை யோசிக்க மாட்டேங்குறாங்க, இன்ஜெக்டர் பக்கம் இருக்குற சாக்கெட் இன்ஜெக்டரோடயே வார்த்தது, அங்க டாய்ச் மாட்டாது. அப்போ என்ன பண்றாங்க, பழைய டைப் கனெக்டர்ல ஒரு முழம் ஒயர் போட்டு அந்த முனைல டாய்ச் மாட்டுறாங்க, ஒரு கனெக்டர் இருந்த இடத்துல இப்போ ரெண்டு, கெட்டுப் போக ஒரு வாய்ப்பு இருந்த இடத்துல மூணு. டாய்ச்சுக்கு சரியான இடம் ஹார்னஸும் ஹார்னஸும், அதாவது ஒயர்க் கட்டும் ஒயர்க் கட்டும் சேர்ற இடம், எஞ்சினை இறக்கும்போது கழட்டுற மாதிரி ஒரு ஜாயின்ட் வேணும்னா அங்க தாராளமா போடலாம். ஃபேன் மாதிரி கரன்ட் ஜாஸ்தி இழுக்குறதுக்கு டிடி போதாது, அதே பிராண்டோட 25 ஆம்ப் டிடிபி பாருங்க. வெதர் பேக்ங்கிற இன்னொரு வகை சீல் கனெக்டர் பத்தியும் கேப்பீங்க, நல்ல சாமான்தான், ஆனா குண்டா இருக்கும், 944 இன்டேக் பக்கம் இருக்குற சந்துல அதைத் திணிக்கிறதுக்குள்ள கை தோல் போயிடும்.

இன்ஜெக்டரை விட முக்கியமானது எஞ்சினுக்குப் பின்னாடி ஃபயர்வால் பக்கம் இருக்குற ஸ்பீட் சென்சார், ரெஃபரன்ஸ் சென்சார் பிளக் ரெண்டும், எஞ்சின் எவ்ளோ வேகமா சுத்துது, எந்த நிலைல இருக்குன்னு கம்ப்யூட்டருக்கு சொல்ற சென்சார்கள் இவை. திடீர்னு ஸ்டார்ட் ஆகலைன்னா முதல்ல பாக்க வேண்டிய இடம் இது, ஸ்டார்ட்டர் சுத்தும்போது ஆர்பிஎம் முள் லேசா துள்ளணும், செத்த மாதிரி கிடந்தா இங்கதான் சந்தேகப்படணும். ரெண்டு பிளக்கும் அச்சு அசல் ஒண்ணு, மாத்தி மாட்டுனா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, அதனால கழட்டுறதுக்கு முன்னாடியே டேப் சுத்தி குறிச்சு வைங்க. அந்த பிளக்ல மூணாவது பின் ஷீல்டுக்கு (ஒயரைச் சுத்தி வர்ற தடுப்பு உறைக்கு), அதை ஒரு முனைல மட்டும்தான் எர்த் பண்ணணும். இங்க பிக்டெயில், டாய்ச் எதுவும் வேண்டாம், அதே டைப் ஹவுசிங் மட்டும்தான்.

கூலன்ட் சென்சர் விஷயத்துல எல்லாரும் ஏமாறுவாங்க. எஞ்சின் எவ்ளோ சூடா இருக்குன்னு கம்ப்யூட்டருக்கு சொல்ற இந்த சென்சரோட மின்தடை சூடு ஏற ஏற குறையும், 20 டிகிரில சுமார் 2500 ஓம், 80 டிகிரில 300 சொச்சம். கனெக்டர்ல பாசி பிடிச்சு இன்னொரு 300 ஓம் சேர்ந்துச்சுன்னா எஞ்சின் சூடா இருந்தும் இன்னும் 60 டிகிரிலயே இருக்குன்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்கும், பெட்ரோலை ஊத்திக்கிட்டே இருக்கும். சென்சரை மட்டும் மாத்திட்டு பிரச்சனை போகலைன்னு புலம்புறவங்க முக்கால்வாசி பேர் பிளக்கைத் தொட்டே பாத்திருக்க மாட்டாங்க.

முழு ஹார்னஸ் மாத்துறது எப்போன்னா, கனெக்டர்ல இருந்து ஒரு சாண் தள்ளி ஒயரை விரல்ல வளைச்சுப் பாருங்க, தோல் வெடிச்சு உள்ள செம்பு தெரிஞ்சா மேல சொன்ன எதுவும் உங்களுக்கு இல்ல, நேரா ஹார்னஸ்தான். என் வண்டில வெடிக்கல. நாலு இன்ஜெக்டர், கூலன்ட் சென்சர், பின்னாடி ரெண்டு பிளக், எல்லாம் புது ஹவுசிங்ல இருக்கு, டாய்ச் ஒரே ஒரு இடத்துல, நான் தனியா போட்ட ஆயில் பிரஷர் கேஜ் ஒயர்ல.