வாயுவின் நிறைப் பாய்வைக் கணக்கிடும் ஒரு செல்பேசிச் செயலி: பயன்படுத்திப் பார்த்த மதிப்பீடு

குழாயில் ஓடும் வாயுவின் பருமப் பாய்வை, அதாவது மணிக்கு எத்தனை கனமீட்டர் என்பதை, அளவி காட்டிவிடும். ஆனால் உலைக்கும் பர்னருக்கும் வேண்டியது மணிக்கு எத்தனை கிலோகிராம் என்ற நிறைப் பாய்வுக் கணக்கு. வாயுவின் அழுத்தம், பருமன், வெப்பநிலை ஆகியவற்றை இணைக்கும் எளிய விதியான நல்லியல்பு வாயு விதியைக் கொண்டு அந்தக் கணக்கைச் செய்து தரும் செயலி ஒன்றை அன்றாட வேலையில் பயன்படுத்தி வருகிறேன்.

அதன் அடிப்படை எளியது. தனி அழுத்தத்தை (வெற்றிடத்திலிருந்து அளக்கப்படும் முழு அழுத்தம்) மோலார் நிறையால் (ஒரு மோல் வாயுவின் நிறை) பெருக்கி, வாயு மாறிலியான 8.314-ஐயும் கெல்வின் வெப்பநிலையையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். அதைப் பருமப் பாய்வு வீதத்தால் பெருக்கினால் நிறைப் பாய்வு வீதம் வந்துவிடும். இதைச் சாதாரணக் கால்குலேட்டரிலேயே செய்துவிடலாம். ஆனால் பிழை நுழைவது பெருக்கல் வகுத்தலில் அன்று, நாம் உள்ளிடும் எண்களில்தான். செயலி கைகொடுப்பதும் அங்கேதான்.

அழுத்தத்தை உள்ளிட்டவுடன் அது கேஜ் அழுத்தமா (வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்று அளவி காட்டுவது), தனி அழுத்தமா என்று கேட்கிறது. பதில் சொல்லாமல் மேலே செல்ல விடுவதில்லை. இந்த ஒரு கேள்வியின் மதிப்பை எண்களில் பார்க்கலாம். 6 பார் கேஜ் அழுத்தத்திலும் 30 டிகிரி செல்சியசிலும் மணிக்கு 100 கனமீட்டர் காற்று ஓடுகிறது என்றால், தனி அழுத்தம் ஏறத்தாழ 7.013 பார், அடர்த்தி கனமீட்டருக்கு 8.06 கிலோகிராம், நிறைப் பாய்வு மணிக்கு 806 கிலோகிராம். வளிமண்டல அழுத்தத்தைக் கூட்ட மறந்து 6 பாரையே போட்டால் விடை 690 கிலோகிராமாகச் சுருங்கிவிடும். பதினான்கு விழுக்காட்டுக்கும் மேலான குறைவு இது, அதுவும் எந்த எச்சரிக்கையும் தராத குறைவு.

ஆனால் இதே இடத்தில்தான் செயலியின் பெரிய குறையும் இருக்கிறது. கேஜ் அழுத்தத்துடன் அது எப்போதும் 101.325 கிலோபாஸ்கலையே கூட்டுகிறது. அதை மாற்ற வழியில்லை. கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டர் உயரத்தில் வளிமண்டல அழுத்தம் சுமார் 79.5 கிலோபாஸ்கல்தான். அங்கே 20 கிலோபாஸ்கல் கேஜ் அழுத்தத்தில் இயங்கும் புளோயர் குழாய்க்குச் செயலி தரும் விடை ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக இருக்கும். கேஜ் அழுத்தம் குறையக் குறைய இந்தப் பிழை பெரிதாகும் என்பதால், உயரமான இடங்களில் இருப்பவர்கள் தங்கள் இடத்து வளிமண்டல அழுத்தத்தைத் தாங்களே கூட்டி, தனி அழுத்தமாகப் போடுவதே பாதுகாப்பானது.

நார்மல் கனமீட்டர், ஸ்டாண்டர்டு கனமீட்டர் என்பவை குறிப்பிட்ட அடிப்படை நிலைமைக்கு மாற்றிச் சொல்லப்படும் வாயுப் பருமன்கள்; அவற்றுக்கு உரிய அடிப்படை வெப்பநிலையை 0, 15, 20 டிகிரி என மூன்றில் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கலாம், நல்ல ஏற்பாடு. அதை அமைப்புகள் பக்கத்தின் அடியில் ஒளித்து வைத்திருக்க வேண்டியதில்லை, ஏனெனில் 0-க்கும் 20-க்கும் இடையே மட்டும் ஏழு விழுக்காடு வேறுபாடு உண்டு. அலகு மாற்றங்களில் குறை எதுவும் தென்படவில்லை.

உண்மை வாயு நல்லியல்பு விதியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் அமுக்கத்திறன் காரணியை உள்ளிட இடமில்லை. அறை வெப்பநிலையில் 10 பார் வரையிலான காற்றுக்கு அதனால் அரை விழுக்காடுகூட மாறாது. கார்பன் டைஆக்சைடுக்கு நிலைமை வேறு: 50 பாரில், 27 டிகிரியில், அதன் உண்மை அடர்த்தி நல்லியல்பு விதி தரும் அடர்த்தியைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். வாயுக்களின் பட்டியலில் கார்பன் டைஆக்சைடையும் சேர்த்துவிட்டு, எந்த அழுத்தத்துக்கும் தயங்காமல் விடை காட்டுவது சரியில்லை. அழுத்தம் உயர்ந்தவுடன் ஒரு வரி எச்சரிக்கையாவது திரையில் வர வேண்டும். அது வரும்வரை இச்செயலியைக் குறைந்த அழுத்தக் காற்று, நைட்ரஜன் குழாய்களுக்கு மட்டுமே பரிந்துரைப்பேன்.