ஷேக்கிள் மாட்டும் காது: வெல்டிங்கா, போல்ட்டா?

சேற்றில் புதைந்த வண்டியை இழுக்கும்போது, ஷேக்கிளை (இழுவைக் கயிற்றைக் கோக்கும் U வடிவ வளையம்) மாட்டும் துளையிட்ட தகடான காது பிய்ந்தால், அது குண்டு மாதிரிப் பறக்கும். ஆஃப்ரோடு பம்பர் செய்பவர்கள் குழம்புவதும் இங்கேதான்.

பலம்
வெல்டிங்: தகட்டை பம்பரின் முகத்தில் மட்டும் ஒட்டவைத்தால் போதாது. பம்பரில் துளை வெட்டி உள்ளே நுழைத்து, முன்னும் பின்னும் வெல்ட் வைத்து, சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) பூட்டும் தகடுவரை கொண்டுபோக வேண்டும். அப்போதுதான் இழுவை சேசிஸுக்குப் போகும்.
போல்ட்: சேசிஸிலேயே நேராகப் பூட்டுவதால் பம்பரை நம்ப வேண்டியதில்லை. 8.8 தரத்துக்கு (போல்ட்டின் பலத்தைச் சொல்லும் குறியீடு) குறையாத போல்ட்டும் பின்னால் தடித்த தகடும் வேண்டும்.

சோதனை
வெல்டிங்: மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே உருகிச் சேராமல் இருக்கலாம். கிரைண்டர் போட்டு வழவழப்பாக்கிய வெல்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.
போல்ட்: டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) போதும். வளைந்தால் கழற்றி மாற்றலாம்.

செலவு
வெல்டிங்: தகடு மலிவு, நல்ல கைக்குத்தான் காசு.
போல்ட்: பொருளுக்குக் காசு, வேலை எளிது.

எதுவானாலும் அளவு ஒன்றுதான். முக்கால் அங்குல ஷேக்கிளின் வேலைச்சுமை (பாதுகாப்பாகத் தாங்கும் சுமை) 4.75 டன், அதன் குறுக்கே போகும் ஊசியின் (pin) விட்டம் சுமார் 22 மி.மீ. தகட்டின் தடிமன் 25 மி.மீ., துளையின் விட்டமும் ஏறக்குறைய அதே அளவு இருந்தால் ஆட்டம் குறைவு. கயிற்று ஷேக்கிள் போடுவீர்களா? துளை விளிம்பை நன்றாக உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அறுத்துவிடும். அப்புறம், டிரெய்லர் மாட்டும் பந்தில் ஒருபோதும் இழுக்காதீர்கள்.

பம்பரைப் புதிதாகச் செய்கிறீர்கள், கைதேர்ந்த வெல்டர் இருக்கிறார் என்றால் வெல்டிங். மற்ற எல்லோருக்கும் போல்ட்.